புது அலுவலகம் வருகிறது, சராசரிச் சம்பளம் இவ்வளவு என்கிறார்கள்: அந்த எண்ணை எப்படிப் படிப்பது?

17 வருடம் சம்பளப் பட்டியல் போடுவதுதான் என் வேலை. மாதம் 24-ஆம் தேதி வருகைப் பதிவு வந்து சேரும், 28-க்குள் வங்கிக்கு ஃபைல் போயாக வேண்டும். நடுவில் விடுப்பு, பிடித்தம், முன்பணம், நிலுவை என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஏதாவது ஒன்று இருக்கும். அத்தனை வருடத்தில் நான் போட்ட ஒரே ஒரு எண்தான் செய்தித்தாளில் வந்தது. அது ஒரு சராசரி. அதை எப்படிப் போட்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது.

நான் வேலை பார்த்த நிறுவனம் புதிதாக ஓர் அலுவலகம் திறக்க இருந்தது. மறுநாள் காலை அறிவிப்பு. மாலை ஆறரை மணிக்கு மேலதிகாரி வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். “ஒரே ஒரு நம்பர் போதும். அங்கே சராசரியா என்ன சம்பளம் வரும்?” என்றார். திட்டமிட்ட ஆட்களின் பட்டியல் என் திரையில் திறந்தே இருந்தது. கீழே வரும் எண்களை மாற்றியிருக்கிறேன், விகிதத்தை மாற்றவில்லை. எந்த நாட்டுப் பணம் என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு ஒன்றுதான்.

அந்தக் கட்டடத்துக்குள் தினமும் வரப்போகிறவர்கள் மொத்தம் 140 பேர். காவலுக்கும் துப்புரவுக்கும் கேன்டீனுக்கும் கான்ட்ராக்டில் 40 பேர், தலைக்கு ஆண்டுக்கு 18 ஆயிரம். தொடக்கநிலை வேலைகளில் 60 பேர், 40 ஆயிரம். ஓரளவு அனுபவம் உள்ளவர்கள் 25 பேர், 70 ஆயிரம். மேலாளர்கள் 12 பேர், ஒன்றரை லட்சம். அப்புறம் தலைமை அலுவலகத்திலிருந்து மாற்றலாகி வரும் துறைத் தலைவர்கள் 3 பேர், ஆளுக்கு 9 லட்சம்.

அந்த மூன்று பேர் ஏற்கெனவே எங்களிடம் வேலை பார்ப்பவர்கள், அவர்களுடையது புது வேலை இல்லை என்று நான் அவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டேன். 48,700 வந்தது. “கான்ட்ராக்ட் ஆளுங்க நம்ம பேரோல்ல இல்லையே, அவங்களை ஏன் சேர்த்தீங்க?” என்றார். நியாயம்தான், எடுத்தேன். 61,300. “அந்த மூணு பேரும் அங்கேதானே உட்காரப் போறாங்க?” அதுவும் சரிதான், சேர்த்தேன். 86,500. “போனஸ் எங்கே?” எல்லோருக்கும் உச்ச அளவு போனஸ், அதாவது 15 சதவீதம் கிடைப்பதாக வைத்துக் கூட்டினேன். 99,475. “ஏறக்குறைய ஒரு லட்சம்னு போட்டுடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு படி. எந்தப் படியிலும் பொய் என்று ஒன்றைச் சுட்ட முடியாது. ஆனால் 48,700 ஒரு லட்சமாகிவிட்டது. பேரோலில், அதாவது நிறுவனத்தின் நேரடிச் சம்பளப் பட்டியலில், இருந்த 100 பேரில் 85 பேர் அந்த எண்ணுக்குக் கீழே. அதில் 60 பேர் போனஸ் முழுதாக வந்தாலும் அந்த எண்ணில் பாதியைத் தொடவில்லை. அந்த 60 பேரும் விண்ணப்பம் போடுவதற்கு முன் செய்தித்தாளில் படித்திருக்கக்கூடியது நான் போட்ட அந்த ஒரு லட்சத்தைத்தான். இன்றைக்கும் அது என் மனதை அறுக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனவே, சராசரிச் சம்பளம் என்ற அறிவிப்பு ஏமாற்றா என்று கேட்டால் என் பதில் இது: அந்த எண் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும், ஆனால் அதைப் படிக்கிறவர் எடுத்துக்கொள்ளும் அர்த்தம் பெரும்பாலும் தப்பாக இருக்கும். நிறுவனத்துக்கும் அது தெரியும். படிக்கிற நாம்தான் அதைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

வகுத்தலின் மேலே என்ன, கீழே யார்

சராசரி என்பது ஒரு வகுத்தல். மேலே மொத்தப் பணம், கீழே ஆட்கள் எண்ணிக்கை. அறிவிப்பைப் படித்ததும் இந்த இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள்.

மேலே இருக்கும் பணத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது முக்கியம். ‘சம்பளம்’ என்று இருக்கிறதா, ‘மொத்த ஊதியம்’ என்று இருக்கிறதா? அமேசான் 2017 செப்டம்பரில் தன் இரண்டாவது தலைமையகத்துக்கு இடம் தேடுவதாக அறிவித்தபோது, 50,000 வேலைகள், சராசரி ஆண்டு மொத்த ஊதியம் 1,00,000 டாலருக்கு மேல் என்று எழுதியிருந்தது. மொத்த ஊதியம் என்றால் அடிப்படைச் சம்பளத்தோடு நிற்காது. போனஸ், நிறுவனப் பங்கு எல்லாம் அதற்குள் வரலாம். சில நிறுவனங்கள் தாங்கள் கட்டும் காப்பீட்டுத் தவணையையும் ஓய்வூதியப் பங்களிப்பையும்கூடச் சேர்த்துவிடுவார்கள். சம்பளப் பிரிவில் இருந்த எங்களுக்கு இது தினசரிப் பாடம்: நிறுவனத்துக்கு ஆகும் செலவு ஒரு வரி, ஊழியர் கையில் வரும் பணம் வேறு வரி.

பங்கு விஷயத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அமேசான் நெடுங்காலமாகப் பின்பற்றிய முறையில், புதிதாகச் சேர்பவருக்கு ஒதுக்கிய பங்குகள் நான்கு ஆண்டுகளில் அவர் பெயருக்கு வரும். முதல் ஆண்டு 5 சதவீதம், இரண்டாம் ஆண்டு 15, மூன்றிலும் நான்கிலும் தலா 40. முதல் இரண்டு ஆண்டுகளின் குறையை ரொக்க போனஸால் ஈடு செய்வார்கள். அதே நிறுவனத்தில் 2022 பிப்ரவரி வரை அடிப்படைச் சம்பளத்துக்கு அமெரிக்காவில் பொதுவாக 1,60,000 டாலர் உச்சவரம்பு இருந்தது, பிறகு அதை 3,50,000 ஆக உயர்த்தினார்கள். அதாவது, மேல் பதவியில் இருந்தவர்களின் பெரிய தொகைகளில் கணிசமான பங்கு மாதச் சம்பளமாக வந்ததில்லை. பங்கின் விலை ஏறினால் அந்தத் தொகை ஏறும், இறங்கினால் இறங்கும், நடுவில் வேலையை விட்டால் மிச்சம் போய்விடும். வாடகையும் கடன் தவணையும் மாதாமாதம் வருபவை. அவற்றை மாதாமாதம் வரும் பணத்தோடு மட்டும்தான் ஒப்பிட வேண்டும்.

கீழே யார் என்பது அடுத்தது. அலுவலகத்துக்குள் வேலை செய்கிற எல்லோரும் அந்த எண்ணிக்கையில் இருக்க மாட்டார்கள். 2019 மார்ச் நிலவரப்படி கூகுளில் நேரடி ஊழியர்கள் சுமார் 1,02,000 பேர், தற்காலிக, ஒப்பந்த ஆட்கள் சுமார் 1,21,000 பேர் என்று செய்தி வந்தது. வெளியே நிற்பவர்கள் உள்ளே இருப்பவர்களைவிட அதிகம். அவர்கள் வேறொரு நிறுவனத்தின் பேரோலில் இருப்பதால் சராசரியை இழுத்துப் பிடிக்கும் எடை இல்லாமல் போகிறது. உங்களுக்குக் கிடைக்கப்போகிற வேலை ஏஜென்சி வழியாக வருகிறது என்றால், அறிவிப்பில் உள்ள எண் உங்களைப் பற்றியதே இல்லை. அதோடு அந்த எண்ணை மறந்துவிடலாம்.

நடுவில் நிற்பவரைத் தேடுங்கள்

எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தி, சரியாக நடுவில் நிற்பவரின் சம்பளத்தைக் கேட்டால் அதற்கு இடைநிலை என்று பெயர். என் பட்டியலில் பேரோல் ஆட்களின் இடைநிலை 40 ஆயிரம். அந்த மூன்று துறைத் தலைவர்களுக்கு 9 லட்சம் தந்தாலும் 90 லட்சம் தந்தாலும் அது 40 ஆயிரத்திலேயே நிற்கும். அதனால்தான் அறிவிப்புகளில் அதைப் பார்க்க முடிவதில்லை.

2018 நவம்பரில் அமேசான் வர்ஜீனியாவின் ஆர்லிங்டனையும் நியூயார்க்கின் லாங் ஐலண்ட் சிட்டியையும் தேர்ந்தெடுத்தது. இடத்துக்கு 25,000 வேலைகள், சராசரி 1,50,000 டாலருக்கு மேல் என்றார்கள். அதே ஆண்டு, சில மாதம் முன்பு, அதே நிறுவனம் சட்டப்படி வெளியிட்ட இன்னொரு எண் இருக்கிறது: 2017-இல் உலகம் முழுதும் உள்ள அதன் ஊழியர்களின் இடைநிலை ஊதியம் 28,446 டாலர். இரண்டும் உண்மை. ஒன்று ஒரு தலைமையகத்தில் வரப்போகிற மென்பொருள், நிர்வாக வேலைகளின் சராசரி. மற்றது கிடங்குகளில் பெட்டி எடுப்பவர்களையும் பகுதிநேர ஆட்களையும் சேர்த்த, பல நாடுகளின் நடுப்புள்ளி. இந்த ஒரு ஜோடியை மனதில் வைத்துக்கொண்டாலே போதும், ‘அந்தக் கம்பெனியில் நல்ல சம்பளம்’ என்று யாராவது சொன்னால் உடனே ‘அங்கே யாருக்கு?’ என்று கேட்கத் தோன்றும்.

இடைநிலையை எங்கே தேடுவது? பங்குச் சந்தையில் உள்ள நிறுவனமாக இருந்தால் ஆண்டு ஆவணங்களில். அமெரிக்காவில் 2018 முதல் தலைமை அதிகாரியின் ஊதியத்தையும் இடைநிலை ஊழியரின் ஊதியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிறார்கள். பிரிட்டனில் 250 பேருக்கு மேல் ஊழியர்கள் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் கால், பாதி, முக்கால் என்று மூன்று இடங்களில் நிற்பவர்களின் ஊதியத்தைச் சொல்கின்றன. நான் பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த முறைதான், மூன்று எண்ணும் சேர்ந்தால் ஒரு நிறுவனத்தின் உருவமே தெரிந்துவிடுகிறது. இந்தியாவில் 2013 கம்பெனிச் சட்டத்தின்படி பட்டியலிட்ட நிறுவனங்கள் ஒவ்வோர் இயக்குநரின் ஊதியமும் இடைநிலை ஊழியரின் ஊதியத்தைப் போல் எத்தனை மடங்கு என்று வெளியிட வேண்டும். மடங்கும் இயக்குநர் ஊதியமும் தெரிந்தால் வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இவை முழு நிறுவனத்துக்கான எண்கள். புது அலுவலகத்துக்கு என்று தனியாகக் கிடைக்காது. அதற்கு அடுத்த வழி.

அவர்கள் எண்ணை வைத்தே பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

இதற்குத் தாளும் பேனாவும் போதும். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

அறிவிப்பில் இரண்டு எண்கள் கண்டிப்பாக இருக்கும்: எத்தனை வேலை, சராசரி எவ்வளவு. இரண்டையும் பெருக்குங்கள். 1,000 வேலை, சராசரி 80 ஆயிரம் என்றால் ஆண்டுச் சம்பளச் செலவு 8 கோடி. இது நிறுவனமே ஒப்புக்கொண்ட தொகை. இனி அதிலிருந்து கழிப்பதுதான் நம் வேலை.

நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்துக்குப் போய், அந்த அலுவலகத்துக்கு என்று வந்துள்ள விளம்பரங்களை மட்டும் எண்ணுங்கள். பதவிவாரியாகப் பிரியுங்கள். எத்தனை தொடக்கநிலை, எத்தனை நடுநிலை, எத்தனை மேல்நிலை? இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டுப் பார்த்தால் விகிதம் ஓரளவு பிடிபடும். 10 விளம்பரத்தில் 6 தொடக்கநிலை என்று வையுங்கள். ஒரே விளம்பரத்தில் பல பேரை எடுக்கிற வேலைகள் பெரும்பாலும் இந்தத் தொடக்கநிலையில்தான் இருக்கும், அதனால் உண்மையான விகிதம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அந்த வேலைக்கு அவர்கள் தருவது 45 ஆயிரம் என்று தெரிகிறது. அப்படியென்றால் 600 பேருக்கு 2 கோடியே 70 லட்சம். 8 கோடியில் கழித்தால் 5 கோடியே 30 லட்சம் மிச்சம். மிச்சமுள்ள 400 பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 1,32,500.

இப்போது விளம்பரங்களைத் திரும்பப் பாருங்கள். 1,32,500 சராசரி வரும்படியான 400 வேலைகள் அங்கே இருக்கின்றனவா? இருந்தால் நல்லது, அறிவிப்பு நம்பத் தகுந்தது, நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பது மட்டும்தான் கேள்வி. இல்லாவிட்டால் மூன்றில் ஒன்று நடந்திருக்க வேண்டும். மேல்நிலை ஆட்கள் வெளியிலிருந்து எடுக்கப்படாமல் பழைய அலுவலகத்திலிருந்து மாற்றலாகி வருகிறார்கள். அல்லது சராசரிக்குள் பங்கும் போனஸும் இருக்கின்றன. அல்லது எங்கள் அலுவலகத்தைப் போல இரண்டு மூன்று பேர் மொத்தக் கணக்கையும் தூக்கிப் பிடிக்கிறார்கள். எதுவாக இருந்தாலும் உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

தொடக்கநிலைச் சம்பளம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் கொலராடோ 2021 முதலும், நியூயார்க் நகரம் 2022 நவம்பர் முதலும், கலிஃபோர்னியா 2023 முதலும் வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போடச் சொல்லிச் சட்டம் வைத்திருக்கின்றன. நிறுவனத்துக்கு அங்கெல்லாம் ஓர் அலுவலகம் இருந்தால், அதே பதவிப் பெயருக்கு அங்கே என்ன வரம்பு என்று பார்க்கலாம். தொகை உங்கள் ஊருக்குப் பொருந்தாது. ஆனால் தொடக்கநிலைக்கும் மேலாளருக்கும் எத்தனை மடங்கு வித்தியாசம் என்பது ஏறக்குறையத் தெரியும், அந்த மடங்கை இங்கே போட்டுப் பார்க்கலாம். வெளிநாட்டு ஊழியர்களுக்கான எச்-1பி விசாவுக்காக நிறுவனங்கள் கொடுக்கும் விண்ணப்பங்களை அமெரிக்கத் தொழிலாளர் துறை வெளியிடுகிறது. நிறுவனம், பதவி, ஊர், சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். கிளாஸ்டோர் போன்ற தளங்களில் ஊழியர்கள் தாங்களே போடும் எண்களும் உதவும், அங்கேயும் சராசரியைப் பார்க்காமல் தனித்தனிப் பதிவுகளைப் படியுங்கள். எல்லாவற்றையும்விட, அங்கே சமீபத்தில் சேர்ந்த ஒருவரிடம் பத்து நிமிடம் பேசினால் கிடைப்பது அதிகம்.

எப்போது என்ற கேள்வி

‘உருவாக்கும்’ என்ற வினைச்சொல் எதிர்காலத்தில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அமேசானின் 2017 அறிவிப்பில் இருந்த காலக்கெடு 10 முதல் 15 ஆண்டுகள். நியூயார்க்கிலிருந்து 2019 பிப்ரவரியிலேயே விலகிவிட்டார்கள். ஆர்லிங்டனில் அலுவலகம் வந்தது, ஆனால் இரண்டாம் கட்டக் கட்டடத்தை 2023 மார்ச்சில் தள்ளிவைத்தார்கள். ஆப்பிள் 2021-இல் வட கரோலினாவில் 3,000 வேலைகள், சராசரி சுமார் 1,87,000 டாலர் என்று அறிவித்தது, 2024-இல் அந்தத் திட்டத்துக்குக் கூடுதல் அவகாசம் கேட்டது. இன்றைக்கு வேலை தேடுகிறவருக்கு எட்டாம் ஆண்டின் சராசரி எதற்கு?

விலைவாசியும் இதோடு சேர்ந்தது. அமேசான் வர்ஜீனியா மாநிலத்தோடு செய்த ஒப்பந்தத்தில் சராசரி இலக்கு 1,50,000 டாலரில் தொடங்கி ஆண்டுக்கு 1.5 சதவீதம் ஏற வேண்டும் என்று இருந்தது. 10 ஆண்டில் அது சுமார் 1,74,000 ஆகும். விலைவாசி ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால், பழைய 1,50,000-க்குச் சமமாக இருக்க அப்போது சுமார் 2,01,600 வேண்டும். எண் ஏறிக்கொண்டே போகும், அதன் வாங்கும் சக்தி இறங்கிக்கொண்டே போகும்.

வேலை தேடாத ஊர்க்காரராக இருந்தால்

உங்கள் வரிப்பணத்தில் சலுகை தருகிறார்கள் என்றால் உங்களுக்கும் இதில் உரிமை உண்டு. ஒப்பந்தத்தில் சராசரிக்கு மட்டும் இலக்கு வைத்தால், 60 பேருக்குக் கொஞ்சம் கொஞ்சம் ஏற்றுவதைவிட மேலே நான்கு பேரைச் சேர்ப்பது எளிது. அதனால் உள்ளாட்சி மன்றக் கூட்டத்தில் கேட்க வேண்டியது குறைந்தபட்சச் சம்பளம்: சலுகைக்குக் கணக்கில் வரும் ஒவ்வொரு வேலைக்கும் கீழ்வரம்பு என்ன? மாற்றலாகி வருபவர்கள் புது வேலையாக எண்ணப்படுவார்களா? எண்ணிக்கையைச் சரிபார்ப்பது யார், எந்தப் பதிவேட்டை வைத்து?

சலுகை எப்போது கைமாறுகிறது என்பதும் உயிர்நாடி. விஸ்கான்சினில் ஃபாக்ஸ்கான் 2017-இல் 13,000 வேலைகள், சராசரி 53,875 டாலர் என்று சொல்லி, மாநிலத்திடமிருந்து சுமார் 300 கோடி டாலர் சலுகைக்கு ஒப்பந்தம் செய்தது. 2021-இல் அது திருத்தி எழுதப்பட்டபோது வேலைகள் 1,454, சலுகை 8 கோடி டாலர். வேலை வந்தால்தான் வரிச் சலுகை என்று ஒப்பந்தத்தில் இருந்ததால் மாநிலத்தின் அந்தப் பணம் பெருமளவு தப்பியது. ஆனால் அந்த நிலத்துக்கும் சாலைக்கும் உள்ளூர் மன்றங்கள் முன்கூட்டியே செலவழித்திருந்தன. 53,875 என்ற எண் அறிவிப்பில் எவ்வளவு துல்லியமாக இருந்தது பாருங்கள். ஐந்து இலக்கம் வரை சொன்னால் யாரோ கணக்குப் போட்டுத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது.

கேட்டே விடுங்கள்

என் அண்ணன் மகள் படிப்பு முடித்து ஒன்றரை வருடம் ஒரு சின்ன நிறுவனத்தில் இருந்தாள். பக்கத்து நகரத்தில் ஒரு பெரிய நிறுவனம் புது அலுவலகம் திறந்தது, ஆண்டுக்குச் சராசரி 90 ஆயிரம் என்ற அறிவிப்போடு. நேர்முகத் தேர்வு நல்லபடியாக முடிந்தது, ஆஃபர் லெட்டர் வர வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்துவிட்டாள். வீட்டுக்காரர் இரண்டு நாளில் முன்பணம் கேட்கிறார் என்று எனக்குப் போன் செய்தாள்.

“சம்பளம் எவ்வளவுன்னு சொல்லிட்டாங்களா?” என்றேன்.

“இன்னும் இல்ல அத்தை. ஆனா சராசரியே 90-ன்னா, புதுசா சேர்ற எனக்கு அதுல முக்கால்வாசியாவது வராதா?”

அந்தக் கேள்விக்கு உடனே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் போட்டுக் கொடுத்த அந்த ஒரு லட்சத்தைப் பார்த்தும் எத்தனை பேர் வீட்டில் இதே கணக்கைப் போட்டிருப்பார்கள் என்றுதான் தோன்றியது. முக்கால்வாசி என்ற அவளுடைய ஊகத்தில் தப்பே இல்லை, சம்பளங்கள் சராசரியைச் சுற்றி நெருக்கமாக இருந்தால் அப்படித்தான் வரும். அவை அப்படி இருப்பதில்லை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

“முன்பணம் கட்டாதே. முதல்ல ஒரு மெயில் போடுவோம்” என்றேன். அன்று இரவு இருவரும் போனிலேயே எழுதினோம். மூன்று தரம் அடித்துத் திருத்தி, இப்படி வந்து நின்றது:

“வணக்கம். இந்த வாய்ப்புக்கு நன்றி. முடிவெடுப்பதற்கு முன் சில விவரங்கள் தெரிந்தால் உதவியாக இருக்கும். நான் சேரும் கிரேடு எது, அந்தக் கிரேடின் சம்பள வரம்பு என்ன? அதில் மாதாமாதம் உறுதியாக வரும் தொகை எவ்வளவு, போனஸாகவோ பங்காகவோ வருவது எவ்வளவு? கடந்த ஆண்டு இந்தக் கிரேடில் போனஸ் உண்மையில் எத்தனை சதவீதம் கொடுக்கப்பட்டது? அடுத்த கிரேடுக்குப் போகப் பொதுவாக எவ்வளவு காலம் ஆகிறது?”

நான்கு கேள்வி, ஒன்றிலும் சராசரி என்ற சொல் இல்லை. அதை வேண்டுமென்றே விட்டேன். சராசரியைப் பற்றிக் கேட்டால் மக்கள் தொடர்புத் துறை எழுதிக் கொடுத்த வரி திரும்பி வரும். கிரேடைப் பற்றிக் கேட்டால் ஹெச்.ஆர். ஆள் தன் திரையில் உள்ள அட்டவணையைப் பார்த்தாக வேண்டும். அந்த அட்டவணை எல்லா நிறுவனத்திலும் உண்டு, நான் 17 வருடம் பார்த்தது அதைத்தான். மூன்றாவது கேள்விதான் கூர்மையானது: உச்ச போனஸ் எவ்வளவு என்று கேட்டால் 15 என்பார்கள், போன வருடம் கொடுத்தது எவ்வளவு என்று கேட்டால் உண்மை வரும். ‘இப்படியெல்லாம் கேட்டா ஆஃபரை நிறுத்திடுவாங்களோ’ என்று அவள் பயந்தாள். எனக்குத் தெரிந்து, மரியாதையாகக் கேட்ட சம்பளக் கேள்விக்காக ஓர் ஆஃபர் நின்றதை நான் பார்த்ததில்லை. பதில் சொல்லாமல் மழுப்பினால் அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வாயால் சொன்னால், அன்றே ‘நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன்’ என்று இரண்டு வரி எழுதி அனுப்பி வையுங்கள். பின்னால் பேச அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. கிரேடின் வரம்பு 38 முதல் 46 ஆயிரம். அவளுக்கு 41. அதில் 5 ஆயிரம் போனஸ். கடந்த ஆண்டு அந்த போனஸில் 60 சதவீதம்தான் கொடுத்திருந்தார்கள். அடுத்த கிரேடுக்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள். பார்த்துவைத்த வீட்டின் வாடகையை 36 ஆயிரத்தோடும், வருடக் கடைசியில் வரக்கூடிய அந்த 3 ஆயிரத்தைத் தொடாமலும் போட்டுப் பார்த்தாள். மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே போய்விடும். அதற்குள் வேறு யாரோ முன்பணம் கட்டி அந்த வீட்டை எடுத்துவிட்டார்கள்.

வேலையில் சேர்ந்தாள். வரம்பின் மேல்பக்கம் கேட்டுப் பார்க்கச் சொன்னேன், ஒன்றரை வருட அனுபவத்தைக் காட்டிக் கேட்டதில் 41 என்பது 43 ஆனது, கூடிய 2 ஆயிரமும் அடிப்படையிலேயே வந்தது. அலுவலகத்திலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி, இன்னொரு பெண்ணோடு சேர்ந்து ஓர் அறை எடுத்திருக்கிறாள். முதல் மாத பே ஸ்லிப்பைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். பிடித்தங்களை ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது.